மருந்து ரூம்புக்குப் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் வகுப்பு

கம்பெனி கம்பெனியாகப் போய் ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தால் பட்டாசு ஆபீஸ் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரை நம்பி, ஃபேனும் மேஜையும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அங்கே வேன் ஏறிப் போனவன் நான்.

ஆணி

முதல் நாள் கேட்டிலேயே போர்மேன் என் செல்போன், வாட்ச், செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். பையைப் பார்க்கவில்லை. வாத்தியார் பையில் புத்தகம்தானே இருக்கும் என்று விட்டுவிட்டார் பாவம். நான் அதற்குள் ஏ, பி, சி, டி சார்ட்டும், அதை மாட்ட ஒரு பிடி ஆணியும், ஒரு சுத்தியலும் வைத்திருந்தேன்.

வகுப்பு, மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில். நான் சீக்கிரமே வந்துவிட்டேன். கொட்டகையில் வெயில் அடித்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கட்டடச் சுவர், நல்ல நிழல். சார்ட்டை விரித்து, ஆணியை வைத்து, சுத்தியலை ஓங்கினேன். எங்கிருந்துதான் வந்தாரோ, போர்மேன் பாய்ந்து வந்து என் கையைக் கவ்வாத குறையாகப் பிடித்துக்கொண்டார். எனக்கோ கோபம், ஒரு ஆணிக்கு இவ்வளவா என்று. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "சார், சுவத்துக்கு அந்தப் பக்கம் வெடிமருந்து காயுது. ஒரு பொறி விழுந்துச்சுன்னா நீங்களும் நானும் ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாண்டுல போய்த்தான் எறங்குவோம்!"

அண்ணாச்சியின் பயம்

கம்பெனி முதலாளியை நான் அண்ணாச்சி என்பேன். வேலை செய்கிறவர்களுக்கு மொதலாளி. தங்கமான மனுசர்தான். ஆனால் இங்கிலீஷ் என்றால் ஒரு சந்தேகம். வகுப்பு ஏன் வைத்தார் என்று அவரே விளக்கினார். ஸ்டோர் பார்க்கிற பெரியவர் தை மாதத்தோடு வேலையை விட்டு நிற்கிறார். கெமிக்கல் மூட்டைமேல் இருக்கிற இங்கிலீஷை வாசித்து, சரியான சரக்கை மருந்து கலக்குகிற இடத்துக்குக் கொடுக்கத் தெரிந்தவர் கம்பெனியிலேயே அவர் ஒருவர்தானாம். வகுப்பில் யார் தேறுகிறார்களோ அவர்களுக்கு ஸ்டோர் வேலை. ஒருத்தரும் தேறவில்லை என்றால் சாத்தூரிலிருந்து ஒரு டிப்ளமோக்காரன் வருவான், என் வகுப்புக்கும் மங்களம்.

செய்தி பரவிய அன்றைக்கே பேச்சியம்மா என்னிடம் வந்தாள். பதினோரு வருசமாகப் பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற ரூம்பில் இருக்கிறவள். சில்வர் பொடி படிந்து, கழுவிக் கழுவியும் விரல் ரேகை வெள்ளியாகவே நிற்கும். "எப்படியாச்சும் என்னயத் தேத்தி விட்ருங்க சார். அந்த ரூம்ப விட்டு நான் வெளிய வரணும்" என்றாள். நான் அதை அப்படியே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று. அவருக்கு முகமே சுருங்கிவிட்டது. "சொல்லிக்கொடுங்க சார், வேண்டாங்கல. ஆனா ரொம்பச் சொல்லிக்கொடுத்துராதீக. எல்லாம் படிச்சுத் திருப்பூருக்கு வண்டி ஏறிட்டா, இங்கன நானா ஒக்காந்து திரி சுத்துறது?"

தெரிந்த வார்த்தைகள்

வகுப்பில் பத்துப் பெண்கள், ஒரு கிளார்க். கூச்சம் போகட்டும் என்று, "உங்களுக்கே நிறைய இங்கிலீஷ் தெரியும், ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். லோடு, ஆர்டர், சீசன், கம்பெனி, போனஸ் என்று சரமாரியாக வந்தது. எனக்கு ஒரே பெருமை. பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சியம்மாவின் முறை. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள்: "ஆக்சிடென்ட், ஐ.சி.யூ., டிரெஸ்ஸிங், பெர்சன்ட்." மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ஒரு மடையன். கவனிக்கவே இல்லை. பெர்சன்ட் என்ற வார்த்தை வந்த குஷியில் போர்டில் நூறு போட்டு, "சபாஷ், பெர்சன்ட்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "எம்புட்டு வெந்திருக்குன்னு அர்த்தம் சார். எந்தங்கச்சிக்கு எழுவது."

ஓகே சார்

கிளார்க் சங்கரனுக்கு வடக்கே இருக்கிற ஒரு பெரிய வியாபாரியோடு போனில் பேசுகிற வேலை. வியாபாரி இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவார். சங்கரன் "ஓகே சார், ஓகே சார்" என்பான். போனை வைத்ததும் போர்மேனுக்குத் தகவல் போகும்: "அவசர ஆர்டர்!" உடனே ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பும். மருந்து ரூம்பில் கைகள் பறக்கும். வருசாவருசம் சீசனில் இதுதான் நடப்பு.

வகுப்பில் மூன்று மாதம் ஓட்டியபிறகு சங்கரன் முதல்முறையாகத் தைரியம் வந்து, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறான். அவரும் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். என்னவென்று? குடோனில் இடம் இல்லை, அவசரமே இல்லை, நிதானமாக அனுப்புங்கள், ஏன்தான் வருசாவருசம் முந்திக்கொண்டு லோடு ஏற்றிவிடுகிறீர்களோ என்று! கேட்ட எனக்குத் தலை சுற்றியது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை! அவசரத்தில் மருந்தைத் தொடுவதுபோல ஆபத்து வேறு உண்டா? "அடப்பாவி, தெரியாமலா ஓகே சொன்னாய்?" என்று கத்தியே விட்டேன். சங்கரன் தலையைச் சொறிந்தான். "சத்தமாப் பேசுனா அவசரம்னு நெனச்சிட்டேன் சார். அவரு பேச்சே அப்படித்தானாம்."

சிவப்பு நூல்

கடைசியில் பரீட்சை வந்தது. அண்ணாச்சி, போர்மேன், நான், ஸ்டோர் பெரியவர், நாலு பேரும் ஸ்டோரில் நின்றோம். அன்றைக்குக் காலையில் வந்த மூட்டைகள் அடுக்கியிருந்தன. வெளியே தள்ளுவண்டியோடு ஆள் காத்திருந்தான். பரீட்சை முடிந்ததும் மூட்டை மருந்து கலக்கப் போகவேண்டும். முதல் ஆளாக உள்ளே வந்தவள் பேச்சியம்மா. அண்ணாச்சி சிவப்பு நூலில் வாய் தைத்த ஒரு மூட்டையைக் காட்டி, "வாசி" என்றார்.

பேச்சியம்மா விரலை வைத்து வாசித்தாள். "பொட்டாசியம்... குளோரேட்." அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். "தப்பு. சிவப்பு நூலுன்னா வெடியுப்பு. எந்தக் காலத்துலயும் அதுதான்." போச்சு, இன்னும் பதினோரு வருசம் அந்த ரூம்புதான் இவளுக்கு என்று நினைத்தேன். சொன்னால் வெட்கம், நானே அவளைப் பார்த்து, மாற்றிச் சொல் என்று கண்ணைக் காட்டினேன். அவள் மாற்றவில்லை. முகமெல்லாம் வேர்க்க, மறுபடியும் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். "இல்ல மொதலாளி. குளோரேட்டுன்னுதான் போட்டிருக்கு."

குனிந்து பார்த்தேன். குளோரேட்தான்! போர்மேன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். வெடியுப்பு என்றால் நைட்ரேட் என்று போட்டிருக்கவேண்டும்; இது தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகவேண்டிய சரக்கு. கந்தகத்தோடு அதைக் கலந்தால் நெருப்பே வேண்டாம், கை உரசினால் போதும். சப்ளை செய்தவனுக்குப் போன் போட்டால், அன்றைக்குக் கையில் இருந்தது சிவப்பு நூல்தான், அதிலேயே எல்லா மூட்டையையும் தைத்து, லோடையும் மாற்றி ஏற்றிவிட்டோம் என்கிறான். அண்ணாச்சி பெரியவரைத் திரும்பிப் பார்த்தார். "நீரு வாசிக்கலையாய்யா?" பெரியவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. அத்தனை வருசமும் நூல் நிறத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அண்ணாச்சி ஸ்டோர் சாவியைப் பேச்சியம்மாவிடம் நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. பதினோரு வருசம் தான் உட்கார்ந்திருந்த ரூம்பை வாசல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப இம்புட்டு நாளும் ஒரு நூலை நம்பித்தான் எங்கள உள்ள ஒக்கார வச்சிருந்தீகளா மொதலாளி?"

ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று இப்போது யாராவது கேட்டால், கம்பெனி பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்து போகாமல் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறேன்.