மாரண்டஹள்ளி சாலையில் சிவப்புக்குப் போன முள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான்.

ஞானராஜ் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. எட்டு வயதில் ஜல்லி உடைக்கக் குவாரிக்குப் போனவன். காலையில் பிணம் தூக்கிய தோளில் மத்தியானம் கல் தூக்குகிற வீட்டில் வளர்ந்தவன். அன்றைக்கு அவனிடம் இருந்தது பயம் இல்லை, எரிச்சல். அந்த எரிச்சலில்தான் பின்னால் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினான்.

எழுபத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். தருமபுரியில் பெரியண்ணன் நடத்திய கார் பட்டறையில் ஞானராஜ்தான் மூத்த மெக்கானிக். மாரண்டஹள்ளி கிருஷ்ணப்பனின் கறுப்பு டாக்சி மூன்றாவது முறையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றது. அதே கோளாறு. ஹீட் மீட்டர்.

இன்ஜின் தலையில் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருக்கும். பட்டறையில் அதை யூனிட் என்பார்கள். உள்ளே ஓடுகிற தண்ணீரின் சூட்டை ஒற்றை ஒயர் வழியாக மீட்டருக்குச் சொல்வது அதன் வேலை. தண்ணீர் கொதித்தால் முள் சிவப்புக்குப் போகும். கிருஷ்ணப்பன் வண்டியில் ஆவியும் இல்லை, கொதிப்பும் இல்லை. முள் மட்டும் சிவப்புக்குப் போனது.

முதல் முறை ஞானராஜ் யூனிட்டைக் கழற்றி, டீக்கடை வெந்நீரில் முக்கிப் பார்த்தான். முள் ஒழுங்காக ஏறியது. வெளியே எடுத்ததும் ஒழுங்காக இறங்கியது. இருந்தாலும் புது யூனிட் போட்டு அனுப்பினான். இரண்டாம் முறை ஒயரை மாற்றினான். மீட்டரையே மாற்றினான். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி இறங்கினான். முள் ஆணி அடித்ததுபோல நடுவிலேயே நின்றது. கிருஷ்ணகிரி போனான். ஒன்றுமில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் கோளாறு. பாலக்கோடு தாண்டி மாரண்டஹள்ளி போகிற வழியில் ஒரு திருப்பம். மேடு இல்லை, பள்ளம் இல்லை. சாலையோரம் ஒரு பழைய கல்கட்டுக் கிணறு. அங்கே முள் சிவப்பைத் தொடும். கொஞ்ச தூரம் போனதும் தானாக இறங்கிவிடும்.

"யூனிட்டு மாத்துன, ஒயரு மாத்துன, மீட்டரு மாத்துன. இன்னும் என்னைத்தாம்ப்பா மாத்தல," என்றார் கிருஷ்ணப்பன். "நேத்து பொண்ணு பாக்கப் போனவங்க, முள்ளப் பாத்துட்டு பாதி வழியில எறங்கி பஸ் ஏறிட்டாங்க. இந்த வண்டியிலதான் என் வூட்டு அடுப்பே எரியுது."

பெரியண்ணன் எல்லார் எதிரிலும் சொன்னார். "திங்கக்கெழம இந்த வண்டி மறுபடியும் இங்க வந்தா, நீ வராத. ஒரு முள்ள நிக்க வெக்கத் தெரியல. உனக்கு என்னாத்துக்குடா ஸ்பேனரு?"

பட்டறை போனால் மறுபடி குவாரிதான். அது ஞானராஜுக்குத் தெரியும். அவன் மனைவி இசபெல்லாவுக்கும் தெரியும்.

சனிக்கிழமை அவனே கிருஷ்ணப்பனோடு கிளம்பினான். பாலக்கோட்டில் வண்டியை நிறுத்தி, ரேடியேட்டரில் விளிம்பு வரை தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினான். மூடியை இறுக்கினான். முன்சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

உச்சி வெயில். சாலையில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. முள் நடுவில் நின்றது.

"இங்கதாம்ப்பா..." என்றார் கிருஷ்ணப்பன். திருப்பம் வந்தது. கிணறு வந்தது.

டிக்.

கொதிக்கிற தண்ணீருக்கு முள் மெதுவாகத்தான் ஏறும். இது ஏறவில்லை. யாரோ விரலால் சுண்டியதுபோலத் தாவியது. சிவப்பு.

"நிறுத்துங்க! நீங்க எறங்காதீங்க. முள்ளையே பாத்துக்கிட்டு இருங்க. அசைஞ்சா சத்தம் குடுங்க."

பானெட்டைத் தூக்கினான். ஆவி இல்லை. சூட்டு வாடை இல்லை. இன்ஜின் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனான். அனல் அடிக்கவில்லை. துணிந்து கையை வைத்தான்.

சில்லென்று இருந்தது. தருமபுரியிலிருந்து ஓடி வந்த இன்ஜின். கிணற்றுப் படி மாதிரி சில்லென்று...

"தூ!" என்று துப்பினான். யூனிட்டிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். "முள்ளு?"

"சிவப்புல."

பேட்டரி ஒயரையும் கழற்றினான். கரண்ட் இல்லாத முள் படுத்தாக வேண்டும். "இப்ப?"

"சிவப்புலதாம்ப்பா நிக்குது."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க!"

"எங்கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. உன் வேலைய நீ பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு யூனிட்டைத் திருகிக் கழற்றினான். கழற்றினால் தண்ணீர் பீய்ச்சும். அதற்காக இடதுகைக் கட்டைவிரலை ஓட்டைக்கு நேராகத் தயாராக வைத்திருந்தான்.

தண்ணீர் வரவில்லை.

ஓட்டைக்குள் கம்பியை விட்டு எடுத்தான். ஈரம் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். அடுப்புச் சாம்பல்போலக் காய்ந்து கிடந்தது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. வந்த வழியைப் பார்த்தான். தார் ரோடு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

பாலக்கோட்டில் அவன் கையால் ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?

ஒரு வாரத்து எரிச்சல் மொத்தமும் மண்டைக்கு ஏறியது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே யூனிட்டை மறுபடி திருகினான். ஒயரை மாட்டவில்லை.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பானெட்டுக்குள் தலையை விட்டவன் திரும்பிப் பார்க்க மாட்டான். கையைப் பின்னால் நீட்டிப் பெயரைச் சொல்வான். ஸ்பேனர் என்றால் ஸ்பேனர். குறடு என்றால் குறடு. பின்னால் நிற்கிறவர் யாரோ, அவர் கையில் வைப்பார்.

ஞானராஜ் கையை நீட்டினான்.

"தண்ணி!"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கிணற்றுப் பக்கம் ஒரு சத்தம்.

சளக்...

பிறகு கையில் ஒரு டின்னின் கைப்பிடி வந்தது. கனமாக. ஈரமாக. பிடிக்கு ரப்பர் சுற்றியிருந்தது.

வாங்கினான். ஊற்றினான். க்ளக்... க்ளக்... க்ளக்... டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினான். ரேடியேட்டர் நிறைந்தது.

"ஏ ஞானராஜு! முள்ளு எறங்குதுப்பா!"

குரல் காருக்குள்ளிருந்து வந்தது.

டிரைவர் சீட்டிலிருந்து.

ஞானராஜ் நிமிர்ந்தான். கழற்றிய ஒயர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி குடுத்துட்டுப் போயி ஏறி உக்காந்துட்டீங்களா?"

"எறங்காதன்னு நீதான சொன்ன? நா எங்க எறங்குனன்?"

திரும்பினான்.

யாரும் இல்லை.

கிணற்றிலிருந்து கார் வரைக்கும் புழுதி. அதில் ஒரு அடிச்சுவடும் இல்லை. காரைச் சுற்றி இருந்தது அவன் செருப்புத் தடம் மட்டும்தான்.

கையில் டின் இருந்தது.

டப்... டப்... என்று சொட்டியது.

ஒயர்களை எப்படி மாட்டினான் என்று அவனுக்கே தெரியாது. தண்ணி டின்னை எந்த டிரைவரும் ரோட்டில் விட்டுப் போக மாட்டான். அந்தப் பழக்கத்தில் கை தானாக டின்னை டிக்கியில் வைத்து மூடியது. "எடுங்க வண்டிய," என்றான்.

அடுத்த ஊரில் சென்னம்மாள் என்ற அம்மாவின் டீக்கடையில் நிறுத்தினார்கள். ஞானராஜ் கிளாஸைப் பிடித்தான். அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சவுரியப்பன் வண்டியாச்சுங்களே? பச்சையா இருந்துச்சே."

தை மாதம் சேலத்தில் புரோக்கர் மூலம் வாங்கிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தவர் கிருஷ்ணப்பன். "உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"பின்கண்ணாடியில சிலுவை ஒட்டியிருந்த தடம் அப்பிடியே இருக்குதே. எங்க ஊரு ஆளுங்க அவரு. போன சித்திரை. இதே உச்சி வெயிலு. கெணத்துக்கிட்ட வண்டி சூடேறிப் போச்சு. இதோ வரேன்னு டின்ன எடுத்துக்கிட்டுப் படி எறங்குனவருதான். பாசி வழுக்கிருச்சு. வண்டியில உக்காந்திருந்தவங்க, தண்ணி... தண்ணின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்களாம்."

ஞானராஜ் கிளாஸைக் கீழே வைத்தான்.

"சாயங்காலந்தான் தூக்குனாங்க. டின்ன வுடவே இல்ல மனுசன். வெரலு பிரியல. பிடிக்குச் செவப்பு ரப்பர் ட்யூபு சுத்தி வெச்சிருப்பாரு. அத அப்பிடி இறுக்கிப் புடிச்சிருந்தாரு. பாதரு, பிரிக்க வேணாம்னுட்டாரு. டின்னோடவே பொதச்சிட்டோம். பொட்டிய மூடறப்ப நா பக்கத்துலதான் இருந்தன்."

கிருஷ்ணப்பன் எழுந்து போய் டிக்கியைத் திறந்தார். ஞானராஜ் பின்னாலேயே போனான்.

டின் இருந்தது. பிடியில் சிவப்பு ட்யூப்.

அவன் தலைகீழாகக் கவிழ்த்து ஊற்றிய டின் அது. குண்டும் குழியுமான சாலையில் வந்திருக்கிறது.

விளிம்பு வரை தண்ணீர் நின்றது. டிக்கியில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

வெயில் இறங்குமுன் திரும்பிப் போய், அதைக் கிணற்றின் மேல்படியில் வைத்துவிட்டு வந்தார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அந்த வண்டி பட்டறைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. "என்னடா கோளாறு கண்டுபுடிச்ச?" என்று கேட்டார் பெரியண்ணன்.

"தண்ணி கம்மிங்க," என்றான் ஞானராஜ். வேலை நிலைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அவன் யாரிடமும் கையை நீட்டியதில்லை. ஸ்பேனர் வேண்டுமானால் தலையை வெளியே எடுத்து, தானே போய் எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஆடி மாதம் பிரேக் வேலைக்கு வந்த கிருஷ்ணப்பன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னையிலிருந்து ஒரு நாளும் நா ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தலப்பா. காலையில மூடியத் தெறந்தா நெறைஞ்சு நிக்குது."

ஞானராஜ் போய் மூடியைத் திறந்தான்.

விளிம்பு வரை தண்ணீர்.

மேலே ஒரு துணுக்குப் பச்சைப் பாசி மிதந்தது.