சுவரில் சாய்ந்த என் தோள்

புயல் சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்களோடு நான் நடந்த அந்த ஒரு பகலை நினைக்கும்போதெல்லாம் வாயில் கசப்பு ஊறுகிறது. அக்கசப்பில் ஒரு பங்கு அவர்கள் மீது. மறு பங்கு என் மீதே.

கல்வராயன் மலையடிவாரத்தில், சின்னசேலத்துப் பேருந்திலிருந்து இறங்கிச் சற்றுத் தொலைவு நடக்க வேண்டிய சிற்றூர் எங்களுடையது. நான் அங்கே கொத்தனாராக இருந்தேன். பள்ளியில் அதிகம் படித்தவனல்லன்; ஆயினும் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தே அதன் நோயைச் சொல்லத் தெரிந்தவன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. புயல் மூன்று நாள் அடித்து ஓய்ந்தபோது, சாலையில் காற்று சாய்த்த மரங்களும் கிடந்தன. மறியலுக்காக வெட்டிப் போட்ட மரங்களும் கிடந்தன. அதையே காரணமாகச் சொல்லி, பதினைந்து நாள் எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் கார்த்திகை தீபம் வந்துவிட்டது. மெழுகிப் பூசாத வீட்டில் எங்கள் ஊரார் அகல் ஏற்ற மாட்டார்கள். ஆகவே கூரை பறிகொடுத்தவர்களும் கரும்புத் தோகையை வாரிப் போட்டு மூடினார்கள். ஊறிய மண்சுவரின் வெடிப்புகளில் சேற்றை அப்பி, சுண்ணாம்பு அடித்து, செம்மண் பட்டை தீட்டி விளக்கு வைத்தார்கள். வரப்போகும் கணக்கெடுப்புக்காக வீட்டை அலங்கோலமாக விட்டுவைக்கும் சூது அவர்களுக்குத் தெரியவில்லை. நிலம் நிறைய வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. சரிந்துபோன தம் மாட்டுக்கொட்டகைக்குள் ஓர் அடுப்பும் இரண்டு பானைகளும் வைத்து, அதை அவர் வீடாக்கியிருந்தார்.

ஜீப்பில் வந்த அதிகாரி, சுவர்களின் நிலையைச் சொல்வதற்கு என்னை உடன் அழைத்துக்கொண்டார். சுவர் விழுந்திருந்தால் முழுச் சேதம். புதிய கான்கிரீட் வீடு கிடைக்கும். சுவர் நின்றால் கூரைக்குச் சில கட்டுக் கீற்று மட்டுமே. இதுவே விதி. ஊர் எல்லையில், கோடரிக் கொத்து பளிச்சென்று தெரிந்த புளியமரத்தை அவர் புயல் கணக்கில் எழுதினார். மாட்டுக்கொட்டகையின் முன் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டே, “இதுல யாரு இருந்தது?” என்றார்.

“நம்ம பண்ணையாளு சார். பாவம், புள்ள குட்டிக்காரன்” என்றார் நிலக்காரர். சாணத்தின் மேல் நின்றபடி அதிகாரி ‘முழுச் சேதம்’ என்று எழுதினார்.

தெருவின் கடைசி வீடு, கரும்பு வெட்டும் கூலிக்காரப் பெண் ஒருத்தியுடையது. கணவனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகள்.

“பளபளன்னு இருக்குது. இதுக்கு எதுக்கும்மா எங்கள இழுத்தடிக்கிற?”

“தீபத்துக்குப் பூசினதுங்க. உள்ள சொதசொதன்னு கீதுங்க.”

நான் தட்டிப் பார்த்தேன். ஓசை மந்தமாக வந்தது. வெயில் ஏறியதும் இது உதிர்ந்து விழும் என்று சொன்னேன்.

“ஈரம்னு எழுத இதுல கட்டம் இல்லய்யா. நிக்குதா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“நிக்குதுங்க” என்றேன்.

அவர்கள் நிலக்காரர் வீட்டுக்கு இளநீர் குடிக்கப் போய்விட்டார்கள். “இன்னாண்ணா, நீயே இப்படிச் சொல்லிட்ட?” என்றாள் அவள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பானைகளையும் பிள்ளைகளையும் வெளியே கொண்டுவரச் சொன்னேன். அவளுக்கு என் எண்ணம் புரிந்துவிட்டது.

“விளக்கு வச்ச வூட்டயா? தள்ளினா எழுதிடுவாங்களா?”

“எழுதிடுவாங்க” என்று, ஏதோ நானே எழுதுகிறவன்போல் உறுதி கூறினேன்.

தோளைக் கொடுத்து இரண்டு முறை முட்டினேன். சுவர் அப்படியே உட்கார்ந்தது. தோகைக் கூரை அதன்மேல் கவிழ்ந்தது. ஓடிப்போய் அதிகாரியை அழைத்துவந்தேன்.

“இப்பத்தானேய்யா நிக்குதுன்ன?”

“விழுந்துடுச்சுங்க.”

“அப்ப உன் தோள்ல இன்னா சுண்ணாம்பு?” என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். “புயல் தள்ளினதத்தான் எழுதுவோம். மேஸ்திரி தள்ளினத எழுத முடியாது.” நிலக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

புளியமரத்தைப் பற்றி நான் கேட்டிருக்கலாம். கொட்டகையைப் பற்றியும் கேட்டிருக்கலாம். எனக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுப்பவர் அந்த நிலக்காரர். ஆதலால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஜீப் போயிற்று. அந்த மௌனத்தைப் போல் அருவருப்பானதொன்றை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

மறுநாள் காலையில் நானே மண்வெட்டியோடு போனேன். அவளும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் தங்கியிருந்தார்கள். விழுந்த மண்ணையே ஊறவைத்து, ஒவ்வொரு படையாக வைத்து, அது இறுகும்வரை காத்திருந்து, மறுபடையை ஏற்ற வேண்டும். அவள் தண்ணீர் சுமந்தாள், சேறு மிதித்தாள், மூன்று நாள் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. நான்காம் நாள், இடுப்பளவு எழும்பிய சுவரின் ஓரத்தில் நான் களைப்பாக நின்றபோதுதான் வாய் திறந்தாள்.

“தள்ளி நில்லுண்ணா. பழக்க தோசத்துல மறுபடியும் முட்டிடப் போற.”

பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். நான் குனிந்து அடுத்த உருண்டை மண்ணை எடுத்தேன்.