எந்தச் சுவருக்கு எந்தக் கொடி

சுவரில் கொடி ஏற்றுவது, முதுகை ஊருக்கும் முகத்தைச் சுவருக்கும் காட்டியபடி செய்கிற தொழில். ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் போடியிலும் மலைத் தோட்டத்துப் பங்களாக்களிலும் எனக்கு அதுதான் சோலி. ஆசையாகக் கொடி நட்டு, கரிந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களே, நீங்கள்தான் என் சொந்தக்காரர்கள்.

மேற்கு

ஏலக்காய் வியாபாரி ஒருவர், "மேக்குச் செவுரு கொதிக்குது, மிளகுக்கொடி ஏத்துங்க" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி, கால் விளங்காமல் வருஷக்கணக்காகப் படுத்திருந்தார். மிளகு நிழல் கேட்கும் என்றேன், அவர் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் கொடி கரிந்தது.

அதைப் பிடுங்கிவிட்டு, வெயில் தாங்கும் சங்குப்பூவை மூங்கில் தட்டியில் ஏற்றினேன். ஆடிக் காற்று தட்டியைச் சாய்த்துப்போட்டது, மறுபடி கட்டினேன். மழை பெய்ததும் சுவரே தெரியாமல் மூடிக்கொண்டது. அடுத்த கோடையில் அறை கொதிக்கவில்லை. இனி நான் வர வேண்டியதில்லை என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். அந்த அம்மா சொன்னார்:

"செடி பட்டுப்போச்சுன்னு பொய் சொல்லிட்டாவது வாங்கண்ணே, இந்த ஜன்னப் பக்கம் வேற யாரும் வர்றதில்ல."

வடக்கு

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். அங்கே கணக்கெழுதும் மலையாளத்துக்காரர் தனியாக இருந்தார். அவர் அறையில் கொடி ஏற்ற இடமிருந்தது வடக்குச் சுவரில் மட்டும். வெயில் படாத அந்தச் சுவரில் பாசியும் பெரணியும்தான் பிடிக்கும். அவரோ முல்லை வேண்டும் என்றார். ஊரில் இருக்கும் மனைவிக்குப் பிடித்த பூவாம்.

நட்டேன். மாதக்கணக்கில் இலையாகவே படர்ந்தது, ஒரு மொட்டில்லை. வைகாசியில் சூரியன் வடக்கே ஒதுங்கி அந்தச் சுவரில் நேராக விழுந்தபோது ஒரு கைப்பிடி பூத்தது. சந்தோஷத்தோடு பறித்து அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தவர் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார்.

"பூ வந்நல்லோ அண்ணே, சூடத்தான் ஆளு ஊரிலாணு."

கிழக்கு

என் வாடகை அறைக்குப் பின்னால் இருந்தது பக்கத்து வீட்டோடு பொதுவான மதில். என் பக்கம் கிழக்கு பார்த்தது. ஆனால் எதிரே உயரமான சரக்குக் கிட்டங்கி காலை வெயிலை மறித்துவிடும். நான் போட்ட அவரைக்கொடி வெயில் தேடி மதில் ஏறிக் குதித்து, அந்தப் பக்கமே பூத்துக் காய்த்தது. எனக்குக் கிடைத்தது வெறும் தண்டு.

அந்த வீட்டில் ஏலக்காய் பொறுக்கப் போகும் செல்லம்மாக்கா ஒற்றையாய் இருந்தார். குடிவந்ததிலிருந்து நான் அவரிடம் பேசியதில்லை. காயைக் கேட்கவும் கூச்சம். தையில் ஒரு மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:

"காயெல்லாம் எங்கிட்டத்தான் கெடக்கு, கொழம்பும் இங்கனதான் கொதிக்குது, வெரசா கையக் கழுவிட்டு வாங்க தம்பி!"

போடியில் எத்தனையோ வீட்டுச் சுவர்களின் வெயிலும் நிழலும் எனக்கு அத்துப்படி. உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு வீட்டில்தான்.