தலை குனிந்த முத்திரை

சூச்சோ நகரத்துப் பாங் யூஹெங்குக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். நல்ல ஓவியம் ஒன்றின் ஓரத்தில் தன் பெயர் செதுக்கிய சிவப்பு முத்திரை நிமிர்ந்து நிற்க வேண்டும். ஓவியத்தைப் பார்த்து மெச்சியவர்கள் அதன் மேலேயே முத்திரை குத்துவது எங்கள் ஊர் வழக்கம். வரைந்தவன் போய்ச் சேர்ந்து எத்தனை தலைமுறை ஆனாலும் ரசித்தவன் பெயரும் கூடவே வரும். ஆனால் ஓவியச் சுருளின் சொந்தக்காரர் கேட்டால்தான் குத்தலாம். பாங் விற்றது சோயா சாஸும் ஊறுகாயும். அவரை யார் கேட்பார்கள்?

அதற்காக மனிதர் ஓய்ந்துவிடவில்லை. ஓவியம் விரிக்கும் வீடெல்லாம் போவார். சட்டைக் கைக்குள் கல் முத்திரையும் சிவப்பு மையும் தயாராக இருக்கும். எந்தப் பக்கம் மேல் என்று தெரிய, கல்லில் ஒரு கீறல் வேறு. மற்றவர்கள் குத்துவதைப் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவார்.

"இன்னைக்கும் கேக்கலையா?" என்பாள் மனைவி வான்னியாங்.

"வெளிச்சம் போதலை. அதான்."

"ஆமா, உங்க முறை வந்தா மட்டும் பொழுது சாஞ்சிடும்."

கடைசியில் ஒரு நாள் கேட்டேவிட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி தூவின் வீடு. பழைய துறவி ஒருவர் பட்டில் வரைந்த ஆறு. ஒரு சின்னப் படகு, மற்றதெல்லாம் வெறும் பட்டு. அந்த வெறுமைதான் தண்ணீர். பாங் அனுப்பியிருந்த முள்ளங்கி ஊறுகாய் தூவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "பாங், நீங்களும் ஒண்ணு போடுங்களேன்" என்றார்.

பாங்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீறலைப் பார்க்க மறந்து அழுத்திவிட்டார். எடுத்துப் பார்த்தால் பெயர் தலைகீழாக நிற்கிறது. பட்டில் ஏறிய சிவப்பை அழிக்கவா முடியும்? பாவி மனுஷன், ஆயுசு முழுக்கக் காத்திருந்தது இதற்குத்தானா?

"ஊறுகாய் ஜாடியையும் இப்படித்தான் வெப்பீங்களா?" என்றார் விருந்தாளிகளில் ஒருவரான வாத்தியார் மெங்.

ஓவியம் கெட்டது என்று பேச்சுக் கிளம்பினால் தூவுக்குத்தானே நஷ்டம். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "உமக்கு விளங்கலையா, மெங்? துறவிக்கு முன்னாடி தலை குனிஞ்சு கும்பிட்டிருக்கார். நாமதான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கறோம். அப்படித்தானே, பாங்?"

"அப்படித்தாங்க," என்றார் பாங்.

அன்றைக்குப் பிடித்தது சனி. தலை குனிந்த முத்திரை வேண்டுமென்று ஊரிலுள்ள சுருளெல்லாம் ஊறுகாய்க் கடைக்கு வந்து சேர்ந்தன. மெங்கே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "நல்லாக் கவுத்துப் போடுங்க" என்றார். தலைகீழாய்த் தொங்கும் தன் பெயரைப் பார்க்கப் பார்க்கப் பாங்குக்கு வயிறு எரிந்தது.

பொறுக்க முடியாமல், கடைக்குப் பின்னால் இருந்த நிலத்தை விற்று, சிறிய மூங்கில் ஓவியம் ஒன்றை வாங்கினார். வான்னியாங் மைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, கீறலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் குத்தினார். பெயர் நிமிர்ந்து நின்றது. மனிதர் சின்னக் குழந்தை மாதிரி அழுதார்.

"இதை வீட்டோட வெச்சுக்குங்க. எவன் கண்ணுலயும் படவேண்டாம்," என்றாள் அவள்.

கேட்டாரா? நேரே தூவின் வீட்டில் கொண்டுபோய் விரித்தார். "புதுசா வாங்கினது" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தில் வழிந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

தூ குனிந்து பார்த்தார். "மூங்கில் அசல்தான். ஆனா உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க, பாங். விலையை ஏத்தறதுக்காக உங்க முத்திரையைப் போலியாச் செஞ்சு குத்தியிருக்கான் எவனோ. நீங்க நிமித்திப் போடுறதே இல்லைன்னு அந்த முட்டாளுக்குத் தெரியலை."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் குத்தினேன் என்றால் தலை குனிந்த கதையும் பொய்யாகும், தூவின் மானமும் போகும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

"அப்படித்தாங்க," என்றார் பாங்.

"போகட்டும், பக்கத்துலயே உங்க அசலைப் போட்டுருங்க. நாலு பேருக்கு வித்தியாசம் தெரியட்டும்."

பாங் சட்டைக் கைக்குள்ளிருந்து அதே கல்லை எடுத்தார். கீறல் கீழே வரும்படி திருப்பினார். அழுத்தினார்.

மெங் இரண்டு முத்திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அசல் அசல்தான். அந்தப் போலி என்னமாத் திமிரா நிக்குது பாருங்க."