மூன்று சென்ட் விவசாயி

கள்ளக்குறிச்சியில் பாயிஸாவுக்கு மூன்று சென்ட் மனை இருந்தது. வீடு கட்டியது போகத் துணி உலர்த்தும் அளவுக்குத்தான் இடம் மிச்சம். ஆனால் அவள் வேலை பார்த்த ஜவ்வரிசி ஆலையின் கணினியில், அந்த ஆலைக்கு மிக அதிகமாக மரவள்ளிக்கிழங்கு கொடுக்கும் விவசாயி அவள்தான். ஒவ்வொரு பருவமும் அவள் பெயரில் நூற்றுக்கணக்கான லாரிகள் இறங்கின.

ஆலை வடக்கனந்தலுக்கு வெளியே இருந்தது. அவளுடைய அத்தா ஷேக் மைதீன் ஆலைக்குச் சாக்குப் பைகள் கொண்டுவந்து விற்றவர். எடைமேடைக்குக் கணினி வந்த வருடம், பஸ் ஸ்டாண்டு எதிரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்த மகளை முதலாளி ஆதிமூலத்திடம் கூட்டிவந்து விட்டார். கல்யாணம் வரைக்கும் என்று பேச்சு. கல்யாணம் ஆயிற்று. மகள் பிறந்தாள், கல்லூரிக்கும் போனாள். பாயிஸா அதே அறையில், அதே ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். எடைமேடையில் ஏறும் லாரியின் டிரைவர் தலையை நீட்டிப் பெயர் சொல்வான். அவள் தட்டச்சு செய்வாள்.

சேர்ந்த முதல் பருவத்திலேயே அந்தக் கணக்கு ஆரம்பித்தது. வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து ஒரு லாரி மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றது. கூட வந்தவர் சின்னக்கண்ணு. அப்போது இருவருக்குமே இளம் வயது. சர்வே எண் கேட்டாள்.

"காடு எங்க தாத்தன் காலத்துலேர்ந்து எங்களோடது. காயிதம்தான் கெடையாது."

சர்வே எண் இல்லாமல் அந்த மென்பொருள் பதிவை ஏற்காது. எழுதிக் கொடுத்தவன் அப்படி எழுதியிருந்தான். லாரி எடைமேடையில் நின்றது. பின்னால் ஆறு லாரிகள் ஹாரன் அடித்தன. பாயிஸா தன் வீட்டு மனையின் சர்வே எண்ணைப் போட்டாள். விவசாயி பெயரில் தன் பெயரைப் போட்டாள். குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'சின்னக்கண்ணு லோடு' என்று எழுதினாள். பணம் சின்னக்கண்ணு கைக்குப் போயிற்று. முதலாளியிடம் அன்றே சொன்னாள். அவர் சிரித்தார். கிழங்கு வந்தால் சரி.

அதற்குப் பிறகு மலையிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கணக்குதான். அவர்கள் அவளைப் பாய்வூட்டு அம்மா என்றார்கள். அலுவலகத்தில் வருடாவருடம் யாராவது ஒருவர் கேட்பார்கள். "இன்னா பாயிஸாம்மா, இந்த வருஷம் வெள்ளாம எப்டி?"

புது மென்பொருள் வந்தது, தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடத்தில். ஆத்தூர்ப் பக்கம் ஆதிமூலம் இன்னொரு ஆலையை வாங்கியிருந்தார். இரண்டு ஆலைக்கும் இரண்டு கணினிக் கணக்கு. இரண்டையும் ஒரே மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். விவசாயி, நிலம், வந்த லோடு, லாரியின் முறைக்குக் கொடுக்கும் டோக்கன், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று தெரிந்த மாதிரி இருக்கும் என்றார்கள். மாற்ற வந்தவன் சுபாஷ். நல்ல பையன். சாப்பாட்டுக் கேரியரைத் தானே கழுவி வைப்பான்.

மாற்றும்போது எடைமேடை ஓடக் கூடாது. பருவத்தில் அது ஓடாத நாள் கிடையாது. அந்த நேரத்தில்தான் போராட்டக்காரர்கள் சாலை மறியல் அறிவித்தார்கள். கள்ளக்குறிச்சி புறவழிச்சாலையிலும் உளுந்தூர்பேட்டையிலும் மறிக்கப்போவதாகப் பேச்சு. ஒரு லாரியும் வராது. அந்த நாளிலேயே மாற்றிவிடச் சொன்னார் ஆதிமூலம்.

அன்று காலை சுபாஷ் பழைய கணக்கைப் பூட்டினான். ஒவ்வொன்றாக அனுப்பினால் நாலு நாள் ஆகும் என்பதால் நாலு பாதை போட்டு ஒரே சமயத்தில் அனுப்பினான். ஒரு பாதையில் விவசாயிகள். ஒன்றில் நிலம். ஒன்றில் லோடுகள். ஒன்றில் டோக்கன்கள். லோடு முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தால் அதன் சொந்தக்காரர் வரும்வரை காத்திருக்கும். வந்ததும் ஒட்டிக்கொள்ளும். திரையில் நாலு பச்சைக் கோடுகள் ஓடின. பாயிஸாவுக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

மதியத்துக்கு மேல் மூன்று கோடுகள் முடிந்தன. லோடுகளின் கோடு நின்றுவிட்டது.

"மேடம், ஒரே ஒரு விவசாயி மாட்டிக்கிட்டார். அவருக்குப் பின்னாடி ஆயிரக்கணக்குல லோடு நிக்குது." சுபாஷ் குனிந்து படித்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நீங்கதான் மேடம்."

மூன்று சென்ட் நிலத்தில் அவ்வளவு கிழங்கு விளையாது என்று புது மென்பொருளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "ஈசிதான் மேடம். விவசாயின்னு இருக்கிறத வியாபாரின்னு மாத்திட்டா நிலத்தையே கேக்காது. அஞ்சு நிமிஷம். சாயங்காலம் புதுசத் தொறந்துடலாம்."

பாயிஸாவுக்கு லாரி வரிசைதான் நினைவுக்கு வந்தது. ஆலையில் விவசாயிகளின் லாரிக்கு ஒரு வரிசை, வியாபாரிகளின் லாரிக்கு ஒரு வரிசை. முதல் வரிசை காலியானால்தான் இரண்டாவது நகரும். தை மாசியில் வியாபாரிகளின் லாரி மூன்று நாள்கூட நிற்கும். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் தாங்கும். அப்புறம் உள்ளே கருப்பு நரம்பு ஓடும், மாவுச்சத்து குறைந்து விலையும் இறங்கிவிடும். வியாபாரி பல இடத்தில் வாங்கிக் கலந்து தப்பித்துக்கொள்வான். மலைக்காரர்களுக்கு ஒரு காடு, ஒரு லோடு.

"அப்புறமா மாத்திக்கலாமா?"

"லோடு ஒட்டிடுச்சுன்னா மாத்த விடாது மேடம். இப்பவே பிரிச்சு அவங்கவங்க பேர்ல போட்டாத்தான். பட்டா இல்லன்னா அனுபவத்துல இருக்கிற நிலம்னு போட இதுல வழி இருக்கு. ஆனா யாரு, எவ்ளோ நிலம்னு தெரியணும்."

ஆதிமூலத்துக்குப் போன் போட்டாள். "வியாபாரின்னே போடும்மா. யாரு கேக்கப்போறா?" என்றார். "மலைக்காரங்க லோடு வரிசைலியே கெட்டுடும்" என்றாள். "சரி. மறியல் முடியறவரைக்கும் பாரு. ரோட்டத் தொறந்துட்டாங்கன்னா நம்ம கேட்டும் தொறக்கணும். அதுக்குள்ள முடியலன்னா வியாபாரி."

கேட்டில் ஒரு லாரி நின்றிருந்தது. மறியலுக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று விடியுமுன் மலையிறங்கியது; வந்து சேர்வதற்குள் கணக்கைப் பூட்டியாயிற்று. லாரி நிழலில் சின்னக்கண்ணு துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஆலைக்குள்ளேயே தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள் இருந்த கிழங்கை அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது.

"மிஷின் ஓடுது. நா மட்டும் ஏன் நிக்கிறேன்?"

பாயிஸா விஷயத்தைச் சொன்னாள். வியாபாரி என்று போட்டால் சாயங்காலம் திறந்துவிடும் என்பதையும் மறைக்கவில்லை.

"போடேன். இன்னிக்கு எந்த வியாபாரி வந்துக்கினு இருக்கான்? வரிசையே காலி. நா எறக்கிட்டுப் போறேன்."

"இன்னிக்குக் காலிண்ணா. அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் லோடு கொண்டார்றவன் அடுத்த வாரம் கேக்கட்டும்."

"கைச்சீட்டுல எழுதி எறக்கவும் முடியாதுண்ணா. போன வருஷம் அதுல தகராறு ஆனதுலேர்ந்து மொதலாளி நிறுத்திட்டாரு."

"அப்போ என் லோடு கெட்டாத்தான் ஊரு பொழைக்கும். அதான சொல்ற?"

அதுதான். அவளுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. "ஆமாண்ணா" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் உள்ளே போய் சுபாஷிடம் பிரித்தே போடலாம் என்றாள்.

குறிப்புக் கட்டத்தில் இருந்ததையெல்லாம் சுபாஷ் தனியே எடுத்துக் கொடுத்தான். பாயிஸா அப்போதுதான் மொத்தமாகப் படித்தாள். இத்தனை வருடமும் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கைக்கு வந்ததை அடித்திருந்தாள். சில இடங்களில் பெயர். முனியன். முனியன் மச்சான். சில இடங்களில் டார்ச்லைட்காரர். ரெண்டு பெண்டாட்டி. பேசாதவர். குடை வாங்கித் தரணும்.

"இவர் யாரு மேடம், குடை?"

"தெரியல" என்றாள்.

சாயங்காலம் அரங்கநாதன் வந்தார். எடைமேடையில் அவளோடு வேலை பார்ப்பவர். மறியலில் உட்கார்ந்துவிட்டுச் சட்டையெல்லாம் புழுதியோடு, மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க வந்திருந்தார்.

"எப்பண்ணா முடியும்?"

"ஏன், பஸ் இல்லன்னு எங்கள வையறியா?"

"இல்ல. நாளைக்கும் இருக்குமா?"

அரங்கநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இன்னாம்மா இதுல? ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்கறவனே எப்படா முடியும்னு இருக்கான்."

"ரெண்டு நாளு இருந்தா நல்லாருக்கும்."

"தலைவர்ங்ககிட்ட சொல்றேன். சேகோ பேக்டரி பாயிஸாம்மா கேட்டாங்க, நீட்டிக்கினு போங்கன்னு." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பையனுக்குக் காலேஜ் சீட்டு போன வருஷம் ஒரு மார்க்ல போச்சு. நூறு சாதியோட சேத்து ஒரே கணக்குல வெச்சிட்டா, எங்களுக்கு வந்தது இன்னான்னு எப்டித் தெரியும்? தனியா எழுதுன்னுதான் கேக்கறோம்."

திரையில் குடை வாங்கித் தரணும் என்ற வரி இருந்தது. பாயிஸா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் மறியல் இருந்தது. காலையில் அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். சின்னக்கண்ணு லாரியின் முன்சீட்டில் படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. டீ வாங்கி வைத்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள்.

"டார்ச்லைட்காரர். யாருண்ணா?"

அவர் புரண்டு படுத்தார். அவள் அடுத்ததைப் படித்தாள்.

"பேசாதவர்."

"மலைல பாதிப் பேரு பேசாதவன்தான்" என்றார் உள்ளேயிருந்து.

"ரெண்டு பெண்டாட்டி."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிக்கிறியா நீ?"

"அவரே சொன்னாரு. ரெண்டு வூட்டுக்கும் பிரிச்சுக் குடுக்கணும், சீக்கிரம் சீட்டக் குடுன்னாரு."

சின்னக்கண்ணு சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு வேலை நகர்ந்தது. யார் காடு எந்த ஓடைக்கு அந்தப் பக்கம், யாருடையது பிரிந்தது, யார் விட்டுவிட்டுக் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனார் என்று அவர் சொன்னார். முனியன் நாலு ஏக்கர் சொல்வான், ரெண்டுதான் போடு என்றார். போனில் முனியனைப் பிடித்து, அவன் நாலு என்று சொல்ல, இருவரும் மலைக்கும் சமவெளிக்குமாகச் சண்டை போட்டார்கள். மூன்று என்று போட்டாள்.

"டார்ச்லைட்டு பச்சையம்மா புருஷன்" என்றார் மதியம், அவள் கேட்காமலே. "காட்டுக்குக் காவல் போவான். செத்துட்டான், ரெண்டு வருஷம் ஆச்சு."

"யார் பேர்ல போடறது? மகன் இருக்காரா?"

"மகன் திருப்பூர்ல. ஏர் புடிக்கிறது அவதான். அவ பேர்ல போடு."

குடைக்காரரை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சுபாஷ் ஒவ்வொரு பெயரையும் அதன் லோடுகளையும் சேர்த்து, நாலு பாதையிலும் மறுபடி அனுப்பினான். இந்த முறை விவசாயிகளின் கோடு முதலில் முடிந்தது. லோடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் ஆளைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டன. பாயிஸாவின் பெயரில் குடைக்காரரின் சில லோடுகள் மட்டும் நின்றன. அவற்றை மூன்று சென்ட் ஏற்றுக்கொண்டது.

இருட்டும் நேரத்தில் அரங்கநாதன் போன் செய்தார். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ரோட்டை விட்டு எழுந்துவிட்டோம் என்றார். குரலில் சந்தோஷமோ வருத்தமோ இல்லை. களைப்பு இருந்தது. அவர் பையனைப் பற்றிக் கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

காலையில் கேட் திறந்தது. முதலில் ஏறியது சின்னக்கண்ணுவின் லாரி. பாயிஸா அவர் பெயரை அடித்தாள். ஊர் வந்தது, நிலம் வந்தது, இருபது வருடத்து லோடு வந்தது. ஜன்னல் வழியாகத் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் பார்த்தார். மாவு பார்க்கும் ஆள் நாலைந்து கிழங்கை உடைத்துப் பார்த்துவிட்டு வெட்டி எடை போட்டான். உடைந்த இடத்தில் கருப்புக் கோடு தெரிந்தது.

"மாவு பாயின்ட் ரொம்பக் கம்மி" என்றான் அவன்.

"எனக்குத் தெரியும். எழுது" என்றார் சின்னக்கண்ணு.

சீட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே நின்றார்.

"தங்கச்சி காட்டுல அடுத்த வாரம் புடுங்கறோம். கொஞ்சம் முன்னால போட்டு வுடு."

"முடியாதுண்ணா. டோக்கன் இனிமே அதுவே குடுக்கும். நா மாத்த முடியாது."

"முன்னெல்லாம் போட்டியே."

"முன்ன என் பேர்ல இருந்துச்சு. என் பேருக்கு நானே போட்டுக்குவேன்."

அவர் யோசித்தார். பின்னாலிருந்து லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். இரண்டு நாள் நின்ற லாரிகள், மெயின் ரோடு வரைக்கும் வரிசை.

"அப்போ லேட்டு ஆச்சுன்னா யார்கிட்ட வந்து கேக்கறது?"

"போன் அடிச்சா எத்தினியாவது ஆளுன்னு சொல்லும்."

"எத்தினியாவதுன்னு நின்னு பாத்தா எனக்கே தெரியுது. கேக்கறதுக்கு ஆளு யாருன்றேன்."

பாயிஸா திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்கிட்டயே வாங்கண்ணா" என்றாள். "என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா வாங்க."

சின்னக்கண்ணு சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லாரியை முன்னால் எடுக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.