பதினேழாம் இலக்கக் கராஜ்

விடியற்காலையிலிருந்தே கௌரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளாக்ஹவுஸ் பே என்ற குடாக்கரை ஊரின் ஓவியர்கள் தங்கள் வேலைத்தலங்களை ஊராருக்குத் திறந்துவிடும் சனிக்கிழமை அது. அச்சிட்ட வரைபடத்தில் பதினேழாம் இலக்கம் அவளுடைய கராஜ். பன்னிரண்டு வருடமாக ஆய்வுகூடத்தில் இரத்தக் குப்பிகளுக்கு லேபல் ஒட்டுபவள். லீவு நாட்களில், கடல்நீர் ஏறி வற்றும் குடாவின் சேற்றைப் படமாகக் கீறுபவள். சேறு மட்டும்தான், பதினொரு படம்.

முன்பின் தெரியாத ஒருவர், ஒரே ஒருவர், வந்து நின்று பார்த்தால் போதும். தெரிந்தவர்களின் பாராட்டை அவள் நம்புவதில்லை. வடைக்கும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லுவார்கள்.

கணவன் கேதீஸ்வரனுக்கோ ஒருவரும் வராமல் போய்விடுவார்களோ என்று பயம். அவளுக்குச் சொல்லாமல் கோயில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுவிட்டான். பத்தரைக்குள் கராஜ் நிறைந்தது. கடிக்க ரோல்ஸ் தட்டு சுற்றிவந்தது.

"பிள்ளையார் ஒண்டும் கீறேல்லையோ, பிள்ளை?" என்றார் ஒரு மாமி.

"இல்லை மாமி, சேறுதான்."

"அதுவும் வடிவாத்தான் கிடக்கு. ரோல்ஸ் நீர் செய்ததோ?"

பன்னிரண்டு மணிக்கு, கையில் வரைபடத்தோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வாசலுக்கு வந்தது. அவர்கள் தரையைப் பார்த்தார்கள், ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள், திரும்பிவிட்டார்கள். பின்னால் வந்த இரண்டு பெண்களும் அப்படியே.

"உஷா, ஏன் போகினம்?"

கூட வேலை செய்யும் திருச்சிக்காரி உஷா வெளியே எட்டிப் பார்த்தாள். "ஏன் போகமாட்டாங்க? செருப்பைப் பாரு! முப்பது ஜோடி. வீட்டுல ஏதோ விசேஷம்னு நினைச்சிருப்பாங்கடி."

கழற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சீமெந்துத் தரையில் அத்தனை பேரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

கௌரி நாற்காலியில் ஏறினாள். "எல்லாரும் செருப்பு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உள்ள வாங்கோ!"

"வீட்டுக்குள்ளயோ?" மாமி திகைத்தார்.

"இது வீடில்லை மாமி, ஸ்டூடியோ!"

ஒரே அமளி. ஆளுக்கு ஆள் சப்பாத்து மாறிப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் பிழையாக நுழைந்தவர்கள் போலக் கூசிக்கூசி வந்தார்கள். வாசல் துப்புரவாயிற்று.

பத்து நிமிடம் ஆகவில்லை. மழைச்சட்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். ரோல்ஸ் வேண்டாம் என்றார். நேரே மூன்றாவது படத்துக்குப் போய், மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்தார்.

"தண்ணீர் ஏறுகிறதா, வற்றுகிறதா?" ஆங்கிலத்தில் கேட்டார்.

கௌரி பதினொரு மாதம் பாடுபட்டது தண்ணீரின் அந்த அசைவைச் சேற்றில் காட்டத்தான். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"ஏறுகிறது," என்றாள் அவளும் ஆங்கிலத்தில்.

"இல்லை, வற்றுகிறது. இந்த ஓரத்தைப் பாருங்கள். நாற்பது வருடமாக இங்கே படகு விடுகிறேன்."

"நான் அந்தச் சேற்றுக்குள் நின்றுதான் கீறினேன். முழங்கால்வரை ஏறிவிட்டது!"

அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை. குரல் உயர, கேதீஸ்வரன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். "என்னப்பா, சண்டையோ?"

"ஓம், நீங்கள் சும்மா இருங்கோ!" என்றவளின் முகமெல்லாம் சிரிப்பு. "அப்படியென்றால் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று அந்த மனிதரை அடுத்த படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.