சேஜ் கோழிகள் கலைந்த காலை

பள்ளிக்கூட பஸ் ஓட்டிய வெல்டாவை அமெரிக்காவின் ஒரேகான் மேட்டுப் பாலை முழுக்கத் தெரியும். தெரியும் என்றால் பயம் என்று அர்த்தம். அந்தச் சரளைச் சாலையில் அவள் ஏற்றி இறக்காத பிள்ளை கிடையாது. இன்றைக்கு மீசை நரைத்துப்போன மாட்டுப் பண்ணைக்காரர்கள்கூட அவளைக் கண்டால் வாயில் மெல்லும் புகையிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கும் அவள் தம்பி ஹார்லனுக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஊரறிந்தது. அவள் புருஷன் வெர்னின் இறுதிச் சடங்குக்கு ஹார்லன் வரவில்லை. கிடாரி ஒன்று கன்று போட முடியாமல் தவித்தது என்று பிறகு சொல்லியனுப்பினான். மாட்டுக்காரர்கள் ஊரில் அது செல்லுபடியாகிற சாக்குதான். வெல்டாவிடம் செல்லவில்லை.

இந்த ஏப்ரலில் ஹார்லனுக்கு இதயம் மக்கர் பண்ணியது. மகள் ஷானா பாய்சி நகரத்தில் தன் வீட்டோடு வைத்துக்கொள்வது என்று முடிவு கட்டிவிட்டாள். அவன் வண்டியையும் விற்றாயிற்று. கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், மகள் கொண்டுவந்து இறக்கிவிட, அக்கா வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்குக் கோழி பாக்கப் போறியா?"

"வருஷா வருஷம் போறவதானே."

"நானும் வரட்டுமா? இனிமே எங்க பாக்கப் போறேன்."

"வாய மூடிட்டு வர்றதா இருந்தா வா."

சொன்னது அப்படி. மனசுக்குள் கிடந்தது வேறு. ஊரை விட்டுப் போவதற்குள் அன்றைக்கு ஏன் வரவில்லை என்று இவன் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட மாட்டானா என்று அவள் ஏங்கினாள். சொல்லாமல் போய்விட்டால் இந்தக் கோபத்தைக் மண்ணுக்குள் போகும்வரை அவள் ஒருத்தியே சுமக்க வேண்டியதுதான்.

மல்லெட் நீர்த்தேக்கத்தின் கரை, அவர்கள் அப்பாவும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் சேர்ந்து மாடுகளுக்காகக் கொட்டிய மண். அதை ஒட்டிய மொட்டைத் திட்டில்தான் சேஜ் புதர்களில் வாழும் காட்டுக்கோழிகளான சேஜ் கோழிகள் ஜோடி தேடி ஆடும். விடிவதற்கு முன்பே போய் வண்டியை நிறுத்திவிட வேண்டும். கோழிகள் தாமாகப் பறந்து போகும்வரை கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் போச்சு, அத்தனையும் கலைந்து ஓடிவிடும். அந்தச் சட்டத்தை அக்காவும் தம்பியும் ஒருநாளும் மீறியதில்லை.

மறுநாள் இருட்டோடு தம்பியை அவன் வீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து வெல்டா வண்டியை அங்கே நிறுத்தினாள். கீழ்வானம் வெளுக்கும்போது ஆட்டம் ஆரம்பித்தது. சேவல்கள் வாலை விசிறியாக விரித்து, வெள்ளை நெஞ்சைப் பொம்மென்று ஊதி, 'பொளக், பொளக்' என்று சத்தம் போட்டன. தண்ணீர் ஓரமாக மான்கள் வந்து நின்றன. வெல்டாவுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. அதெல்லாம் என்ன நாள்! அப்பாவின் பழைய ஃபோர்டில் ஒரே போர்வைக்குள் அவளும் தம்பியும். மடியில் அம்மா சுட்டுக் கொடுத்த, லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி. பிறகு வெர்ன் வந்து சேர்ந்தான். அந்த ஆள் கன்னத்தை உப்பிக்கொண்டு சேவல் மாதிரியே சத்தம் போடுவான். சிரிப்பை அடக்க முடியாமல் ஹார்லன் தொப்பியைக் கடித்துக்கொண்டு குலுங்குவான். மாமன் மச்சான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு சிநேகம்.

பக்கத்தில் ஹார்லன் நெளிந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"ஹார்லன்."

"டாக்டர் தண்ணி மாத்திர குடுத்திருக்கார். ஒண்ணுக்கு முட்டுது."

"அத முழுங்கிட்டா இங்க வந்து குந்தியிருக்க? அறிவிருக்கா உனக்கு?"

"ஷானா நின்னு பாத்துத்தான் குடுக்குறா. துப்பவா முடியும்?"

"இந்தா, காப்பி டப்பா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"உன் முன்னாலயா? போ வெல்டா."

"உனக்குக் கழுவிவிட்டவடா நான்."

"அப்ப எனக்கு மானம் கிடையாது. இப்ப இருக்கு."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கோழிகளையே பார்த்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இந்த மனுஷன் நனைந்தாலும் நனைவானே தவிர, கதவைத் திறக்க மாட்டான். வெல்டா கோழிகளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பட்டென்று தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

திட்டு முழுக்கச் சடசடவென்று எழும்பிப் பறந்தது. மான்களும் ஓடிவிட்டன.

"என்ன காரியம் பண்ணிட்ட," என்றான் ஹார்லன். அழுகிற குரல். "இனி நான் எப்பப் பாக்கறது?"

"முதல்ல போய்ட்டு வா."

அவன் தட்டுத் தடுமாறி இறங்கி, ஒரு சேஜ் புதருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றான். வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பக்கம் பார்த்தபடியே பேசினான்.

"அன்னைக்கு எந்தக் கிடாரியும் கன்னு போடல. சர்ச் வாசல்லதான் இருந்தேன், வண்டிக்குள்ள. பாட்டெல்லாம் கேட்டுச்சு. இறங்க முடியல வெல்டா. வெர்னப் பெட்டியில பாக்க எனக்குத் தெம்பில்ல."

"தெரியும்."

பேண்ட்டை மாட்டிக்கொண்டு அவன் திரும்பினான்.

"முன்வரிசையில உக்காந்து ஜன்னல் வழியா உன் வண்டியத்தான் பாத்துட்டிருந்தேன். இப்ப வருவான், இப்ப வருவான்னு," என்றாள் வெல்டா. " வராததுக்குக் கோவமில்லடா. வாசல் வரைக்கும் வந்துட்டு என்னத் தனியா விட்டியே, அதுக்குத்தான்."

ஹார்லன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா? பாத்தவ எந்திரிச்சு வந்து கண்ணாடியத் தட்டியிருக்கலாமே. நீ தட்டியிருந்தா இறங்கியிருப்பேன்."

நாலு வருஷத்தில் ஒருநாள்கூட வெல்டாவுக்கு அது தோன்றவில்லை. அடம்பிடிக்கிற பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து பஸ்ஸில் ஏற்றியவள், அன்றைக்கு ஒரு பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"குளுருது, ஏறுடா," என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் ஏறி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. வெயில் ஏறும்வரை இருவரும் அந்த வெறும் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஷானா அவனைப் பாய்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.